சான்று உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது: கல்வி நிறுவனங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், கல்லூரி முதல்வர்களுக்கும், பல்கலைக்கழகப் பதிவாளர்களுக்கும், சேர்க்கைக் குழுக்களிலும் தேர்வுக் குழுக்களிலும் அமர்ந்திருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

இனத்தாலோ பாலினத்தாலோ ஒரு மாணவர் ஒதுக்கப்பட்டதாகப் புகார் எழும்போது, பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "எங்களிடம் அப்படி ஒரு விதியே கிடையாது." அது உண்மையாகவே இருக்கலாம். 1953-இல் தென்னாப்பிரிக்கா கொண்டுவந்த பாண்டு கல்விச் சட்டம் போல, யாருக்கு எவ்வளவு கல்வி என்று எழுதியே வைத்த ஏற்பாடுகள் இன்று குறைவு. ஆப்கானிஸ்தானில் ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளிக் கதவு மூடப்பட்டிருப்பதுபோல் அப்பட்டமான தடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அது அரசுகளோடு பேச வேண்டிய பேச்சு. உங்களோடு நாங்கள் பேச வந்தது, விதியே இல்லாத இடத்தில் நடக்கும் பாகுபாட்டைப் பற்றி.

கல்வியில் பாகுபாட்டுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1960-இல் ஏற்கப்பட்டது. அதன் முதல் பிரிவு, சமத்துவத்தைக் கெடுக்கும் 'நோக்கம்' கொண்ட வேறுபாட்டை மட்டும் பாகுபாடு என்று சொல்லவில்லை. கெடுக்கும் 'விளைவு' உள்ளதையும் அதே சொல்லால்தான் குறிக்கிறது. ஆகவே யார் மனத்தில் என்ன இருந்தது என்று துருவிக்கொண்டிருப்பது வீண் வேலை. உங்கள் பதிவேடுகளில் என்ன விளைந்திருக்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. அதற்கு வேண்டிய தாள்கள் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. சேர்க்கைப் பதிவேடு, மதிப்பெண் பட்டியல், இடைநீக்க ஆணைகள், சிறப்பு வகுப்புக்கு அனுப்பிய கடிதங்கள் எல்லாம் உங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன.

அவற்றை எப்படிப் படிப்பது என்பதில்தான் பெரும் பிழை நேர்கிறது. கணக்கு விளங்குவதற்காக ஒரு கற்பனைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 750 மாணவர்கள். பெரும்பான்மை இனத்தவர் 600 பேர், சிறுபான்மை இனத்தவர் 150 பேர். இரண்டு பிரிவிலும் ஆண்களும் பெண்களும் சரிபாதி. ஓராண்டில் இடைநீக்கம் செய்யப்பட்டவர்கள் பெரும்பான்மையில் 30 பேர், சிறுபான்மையில் 18 பேர். "பெரும்பான்மையினரைத்தான் அதிகம் தண்டித்திருக்கிறோம்" என்று ஆண்டறிக்கையில் எழுதிவிடலாம். தலையை எண்ணாமல் விகிதத்தைப் பாருங்கள்: 600-க்கு 30 என்றால் நூற்றுக்கு 5, 150-க்கு 18 என்றால் நூற்றுக்கு 12. அதாவது 2.4 மடங்கு.

இனி பாலினம் வாரியாகப் பிரிப்போம். இடைநீக்கம் பெற்ற 48 பேரில் ஆண்கள் 28, பெண்கள் 20. நூற்றுக்கு 7.5, நூற்றுக்கு 5.3. பெண்களுக்கு இங்கே பாதகமில்லை என்று இந்த அட்டவணை சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பிரித்தால் படமே மாறிவிடும். பெரும்பான்மை ஆண்கள் 300 பேரில் 24 (நூற்றுக்கு 8), பெரும்பான்மைப் பெண்கள் 300 பேரில் 6 (நூற்றுக்கு 2), சிறுபான்மை ஆண்கள் 75 பேரில் 4 (நூற்றுக்கு 5.3); சிறுபான்மைப் பெண்கள் 75 பேரில் 14 (நூற்றுக்கு 18.7). பெரும்பான்மைப் பெண்ணைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் தண்டனை பெறும் ஒரு கூட்டம் இந்தப் பள்ளியில் இருக்கிறது. இன அட்டவணை அந்த இடைவெளியில் ஒரு பகுதியைத்தான் காட்டியது. பாலின அட்டவணையோ அதை முழுக்க மறைத்தது.

இது கணக்கு விளையாட்டு அல்ல. அமெரிக்காவில் கறுப்பினப் பெண் தொழிலாளர்கள் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில் 1976-இல் தீர்ப்பு வந்தது. அந்த நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது, அவர்கள் வெள்ளையர்கள். கறுப்பினத்தவரையும் எடுத்திருந்தது; அவர்கள் ஆண்கள். இரண்டையும் சேர்த்த ஒரு தனிப் பிரிவாகத் தங்களைக் கருத வேண்டும் என்ற அவர்கள் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. இந்த வழக்கை முன்வைத்துத்தான் சட்ட அறிஞர் கிம்பர்லி கிரென்ஷா 1989-இல் குறுக்குவெட்டுப் பாகுபாடு பற்றிய தம் கருத்தை எழுதினார். அந்த நீதிமன்றத்தின் பிழையை உங்கள் அட்டவணைகள் திரும்பச் செய்யக் கூடாது. இனத்துக்கு ஒன்று, பாலினத்துக்கு ஒன்று என இரண்டு அட்டவணை எங்களுக்கு வேண்டாம். இரண்டும் குறுக்கே வெட்டும் ஒரே அட்டவணை போதும்.

விவரம் சேகரிக்கும்போது மாணவரின் இனத்தை அலுவலகப் பணியாளர் முகத்தைப் பார்த்து நிரப்பக் கூடாது. மாணவரோ பெற்றோரோ தாமே குறிக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்டதைக் குறிக்க இடம் வேண்டும். 'சொல்ல விருப்பமில்லை' என்றும் ஒரு கட்டம் வேண்டும். இந்தக் கோப்பு மதிப்பெண் போடுவோர் கண்ணிலோ சேர்க்கைக் குழுவின் கண்ணிலோ படக் கூடாது. ஒரு பிரிவில் ஐந்தாறு பேர்தான் இருந்தால் ஓராண்டு விகிதத்துக்குப் பொருளில்லை. ஒருவர் கூடினாலே நூற்றுக்கு இருபது வரை ஏறிவிடும். மூன்று அல்லது ஐந்து ஆண்டு விவரங்களைச் சேர்த்துப் பாருங்கள். வெளியிடும்போது யாரென்று கண்டுபிடித்துவிடும் அளவுக்குச் சிறிய எண்களை மறையுங்கள். பிரான்ஸ் போல இன விவரம் சேகரிப்பதற்குச் சட்டக் கட்டுப்பாடு உள்ள நாடுகளில், வீட்டில் பேசும் மொழியும் பெற்றோர் பிறந்த நாடும் ஓரளவுக்குக் கைகொடுக்கும்.

எந்த வித்தியாசத்தைக் கண்டு விழித்துக்கொள்ள வேண்டும்? அமெரிக்க அரசுத் துறைகள் வேலைத் தேர்வுக்காக 1978-இல் வகுத்த 'ஐந்தில் நான்கு' அளவுகோல் கையாள எளியது. ஒரு பிரிவின் தேர்ச்சி விகிதம், அதிகம் தேர்வான பிரிவின் விகிதத்தில் 0.8-க்குக் கீழே போனால் மணி அடிக்க வேண்டும். மணிதான், தீர்ப்பு அல்ல. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் 1973 பட்டமேற்படிப்புச் சேர்க்கை இதற்கு நல்ல பாடம். விண்ணப்பித்த ஆண்களில் சுமார் நூற்றுக்கு 44 பேருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் 35 பேருக்கு. வகுத்தால் 0.8-க்கு ஒரு மயிரிழை கீழே. ஆனால் துறை துறையாகப் பிரித்துப் பார்த்தவர்கள், பெரும்பாலான துறைகளில் பெண்களுக்கு எதிரான சாய்வு இல்லை என்று 1975-இல் காட்டினார்கள். போட்டி கடுமையாக இருந்த துறைகளுக்குப் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். இதைச் சொல்லி "பார்த்தீர்களா, பாகுபாடே இல்லை" என்று கோப்பை மூடுபவர்கள் உண்டு. கேள்வி ஒரு படி பின்னால் நகர்கிறது, அவ்வளவுதான்: இடம் எளிதாகக் கிடைத்த, கணிதம் அதிகம் வேண்டிய துறைகளுக்குப் பெண்கள் ஏன் அதிகம் வரவில்லை, அவர்களை வேறு பக்கம் திருப்பிவிட்டது எந்த வகுப்பில் யார்? எனவே நிறுவனம் முழுவதற்கும் ஓர் எண், துறைவாரியாக ஓர் எண், விண்ணப்பிக்கும் கட்டத்துக்கு ஓர் எண் என மூன்றும் வேண்டும்.

ஒழுங்கு நடவடிக்கைக்குத் திரும்புவோம். பதிவேடுகளில் இனம் மிகத் தெளிவாகத் தெரிவது அங்கேதான். அமெரிக்கக் கல்வித் துறையின் குடிமை உரிமைத் தரவுகளின்படி, 2013–14-இல் அரசு மழலையர் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்கு 19. பள்ளிக்கு வர வேண்டாம் என்று ஒரு முறையாவது வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளில் அவர்கள் நூற்றுக்கு 47. மழலையர் பள்ளி! நான்கு வயதுக் குழந்தை செய்யும் குற்றம் என்னவாக இருக்க முடியும்? 2015-இல் ஒகோனோஃபுவா, எபர்ஹார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஆசிரியர்களிடம் ஒரு மாணவரின் இரண்டு சிறு தவறுகளைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்தார்கள். சிலருக்குக் கறுப்பினப் பெயர், சிலருக்கு வெள்ளையர் பெயர். முதல் தவற்றின்போது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டாவது தவற்றில், கறுப்பினப் பெயருக்குக் கடுமையான தண்டனை வேண்டும் என்றார்கள். ஒரே தவறு 'எப்போதுமே இப்படித்தான்' என்று ஆகிவிட்டது.

இதிலிருந்து வரும் நடைமுறை இது. குற்றங்களை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். புகைபிடித்தது, வராமல் இருந்தது, பொருளை உடைத்தது போல யார் பார்த்தாலும் ஒன்றாகத் தெரிபவை ஒரு குவியல். 'மரியாதைக் குறைவு', 'திமிர்', 'எதிர்த்துப் பேச்சு' போலப் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தவை இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனியே விகிதம் போடுங்கள். இடைவெளி இரண்டாம் குவியலில்தான் இருக்கிறது என்றால், கோளாறு மாணவரிடம் இல்லை, படிவத்தில் இருக்கிறது. அந்தப் படிவத்தில் 'மரியாதைக் குறைவு' என்று எழுத இடமே இருக்கக் கூடாது. என்ன சொல்லப்பட்டது, யாரிடம், எத்தனை மணிக்கு, அதற்கு முன்பு என்ன நடந்தது: இவ்வளவுதான். ஒரு நாளுக்கு மேற்பட்ட எந்த இடைநீக்கத்துக்கும், பெயரும் முந்தைய பதிவும் இல்லாத தாளைப் படித்து இன்னொருவர் கையெழுத்திட வேண்டும். கோபம் தணியாத அன்றே ஆணை போகக் கூடாது. கணக்கெடுக்கும்போது எத்தனை பேர், எத்தனை ஆணை, எத்தனை நாள் வகுப்பு இழப்பு என மூன்றையும் எண்ணுங்கள். ஒரே மாணவருக்கு நான்கு ஆணை போயிருப்பது தலை எண்ணிக்கையில் தெரியாது. உடை, தலைமுடி விதிகளையும் இதே சல்லடையில் போடுங்கள். 'நேர்த்தியான முடி' என்று பொதுவாக எழுதிவிட்டு, சுருள்முடி உள்ள பிள்ளைகளை மட்டும் திருப்பி அனுப்புவது விதியின் நடுநிலைக்கு அழகல்ல.

விடைத்தாள் திருத்துவதில் பெயரை மறைக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். மறைத்துவிட்டோம் என்று நினைப்பவர்களில் பலர் மறைக்கவில்லை என்பதுதான் சிக்கல். வருகைப் பதிவேட்டின் அகர வரிசைப்படி தேர்வு எண் கொடுத்தால், 14 என்பது யார் என்று வகுப்பாசிரியருக்கு அந்த நொடியே தெரியும். கணினியில் சமர்ப்பிக்கும் கட்டுரைக் கோப்பின் பண்புகளில் எழுதியவர் பெயர் தானாகவே பதிந்திருக்கும். கோப்பின் பெயரிலும் இருக்கும். ஆண்டு முழுதும் பார்த்த கையெழுத்தை டம்மி எண் மறைக்காது. ஆகவே ஒவ்வொரு தேர்வுக்கும் புதிதாகக் குலுக்கி எடுத்த எண். அந்த எண்களின் பட்டியல் திருத்தாத ஒருவரிடம். முகப்புத் தாள் கிழித்துத் தனியே. கணினிக் கோப்புகள் பெயர் நீக்கி மறுபெயரிட்ட பிறகே திருத்துவோரிடம். கையெழுத்துத் தாள்கள் வேறு பிரிவு ஆசிரியரிடம். மதிப்பெண் பூட்டப்பட்ட பின்பே எண்ணும் பெயரும் சேர வேண்டும். "பத்து நிமிடம் பட்டியலைக் காட்டுங்கள், ஒரு சந்தேகம்" என்ற வேண்டுகோளுக்கு ஒரு முறை இணங்கினால் இத்தனையும் வீண்.

பெயரை மறைப்பது மட்டும் போதாது. விடைக்குறிப்பும் மதிப்பெண் பங்கீடும் முதல் தாளைத் திறப்பதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு மாணவரின் தாளை முதலிலிருந்து கடைசிவரை திருத்தாமல், எல்லாருடைய முதல் விடையையும் திருத்திவிட்டு, கட்டைக் கலைத்து, பிறகு இரண்டாம் விடைக்குப் போங்கள். முதல் விடையில் விழுந்த எண்ணம் ஐந்தாம் விடையை வண்ணம் பூசுவது இதனால் குறையும். பத்தில் ஒரு தாளை, முதல் மதிப்பெண் தெரியாத இன்னொருவர் திருத்தட்டும்.

செய்முறைத் தேர்வையும் வாய்மொழித் தேர்வையும் அக மதிப்பீட்டையும் மறைக்க முடியாது. அங்கே ஒப்பிட்டுத்தான் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் பெயர் தெரிந்து போட்ட மதிப்பெண்ணின் சராசரியிலிருந்து பெயர் தெரியாமல் போட்ட மதிப்பெண்ணின் சராசரியைக் கழியுங்கள். பிறகு பிரிவுகளின் அந்த வித்தியாசங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். எல்லாருக்கும் அக மதிப்பெண் 6 கூடுதலாக இருந்து ஒரு பிரிவுக்கு மட்டும் 1 கூடுதலாக இருந்தால், அந்த 5 எங்கே போனது என்று கேட்க வேண்டும். இரண்டு தேர்வும் சோதிப்பது ஒரே திறனை அல்ல என்பது நியாயமான மறுப்பு. அதனால்தான் ஒரே தேர்வாளரின் பல ஆண்டுப் பட்டியலை, மற்றத் தேர்வாளர்களின் பட்டியலோடு வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். இஸ்ரேலின் பள்ளி இறுதித் தேர்வுகளில் இதே முறையை லாவி என்ற பொருளியலாளர் கையாண்டு 2008-இல் வெளியிட்டார். அவருக்குத் தெரிந்தது, பெயர் தெரிந்த மதிப்பெண் ஆண் மாணவர்களுக்குப் பாதகமாக இருந்தது என்பது. பாலினப் பாகுபாடு என்றாலே பெண்களுக்கு எதிரானது என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்டு அட்டவணையைத் திறக்காதீர்கள்.

சேர்க்கையில் நடக்கக்கூடியதற்கு டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகத்தைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2018-இல் வெளிவந்த செய்தி: இரண்டாம் கட்டக் கட்டுரைத் தேர்வில் அனைவரின் மதிப்பெண்ணும் முதலில் 0.8-ஆல் பெருக்கப்பட்டது, பிறகு, முதல் சில முறைகளில் எழுதும் ஆண்களுக்கு மட்டும் 20 வரை திரும்பக் கூட்டப்பட்டது. பெண்களுக்கும், பலமுறை தோற்று மீண்டும் எழுதிய ஆண்களுக்கும் எதுவும் இல்லை. பல ஆண்டுகளாக நடந்த வேலை இது. முறைகேடு நின்ற மறு ஆண்டே பெண்களின் தேர்ச்சி விகிதம் ஆண்களுடையதைச் சற்றே தாண்டியது. இது எப்படி இத்தனை காலம் மறைந்திருந்தது? வெளியே போனது இறுதி மதிப்பெண் மட்டும்தான். ஆகவே தேர்வாளர் போட்ட மூல மதிப்பெண் அழிக்க முடியாதபடி தனியே சேமிக்கப்பட வேண்டும். மூலத்துக்கும் இறுதிக்கும் இடையில் நடக்கும் ஒவ்வொரு பெருக்கலும் கூட்டலும், யார் ஆணையால் என்று பதிவாக வேண்டும். விண்ணப்பித்தவர் கேட்டால் இரண்டையும் காட்ட வேண்டும்.

சேர்க்கைக்கு முன்பே நடப்பது இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. அமெரிக்காவில் 259 பல்கலைக்கழகங்களின் 6,500-க்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்கு, ஆய்வு பற்றிப் பேச நேரம் கேட்டு ஒரே கடிதம் வெவ்வேறு பெயர்களில் அனுப்பப்பட்டது. வெள்ளை ஆண் பெயர்களுக்கே பதில் அதிகம் வந்தது. 2012-இல் வெளியான இன்னோர் ஆய்வில், ஆய்வக மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை 127 அறிவியல் பேராசிரியர்கள் மதிப்பிட்டார்கள். 'ஜான்' என்றிருந்ததற்கு 'ஜெனிஃபர்' என்றிருந்ததைவிடத் திறமையும் கூடுதல், ஊதியமும் கூடுதல். பெண் பேராசிரியர்களும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள். தேர்வுக் குழுவில் ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டோம் என்பது பதிலாகாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம். நேர்காணலில் எல்லாரிடமும் அதே கேள்விகள், அதே வரிசையில். ஒவ்வொரு விடைக்கும் அப்போதே மதிப்பெண். ஒவ்வொருவரும் தனியே எழுதிய பிறகே பேச்சு. முதலில் தலைவர் வாய் திறந்துவிட்டால் மற்றவர் எண்கள் அவர் பக்கம் சாயும். திருமணம், பிள்ளைப்பேறு, 'குடும்பத்தில் ஒப்புக்கொள்வார்களா' என்ற கேள்விகள் யாரிடமும் வேண்டாம்.

சிறப்பு வகுப்புக்கோ தாழ்ந்த பிரிவுக்கோ பிள்ளைகளைப் பிரித்து அனுப்பும் நிறுவனங்கள், 2007 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் செக் குடியரசுக்கு எதிராக அளித்த தீர்ப்பைப் படிக்க வேண்டும். ஓஸ்ட்ராவா நகரத்தைச் சேர்ந்த, ரோமா என்ற சிறுபான்மை இனத்து மாணவர்கள் 18 பேர் தொடுத்த வழக்கு. அந்நகரில் ஒரு ரோமா குழந்தை சிறப்புப் பள்ளிக்கு அனுப்பப்படும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 27 மடங்கு அதிகம் என்று வாதிடப்பட்டது. எல்லாருக்கும் ஒரே சோதனைதான், பெற்றோரும் சம்மதக் கையெழுத்து இட்டிருக்கிறார்கள் என்றது அரசு. அந்தச் சோதனைகளே ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம் என்றும், பாகுபாட்டுக்கு ஆளாகாத உரிமையைக் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியாது என்றும் நீதிமன்றம் சொன்னது. உங்கள் கோப்பிலுள்ள பெற்றோர் கையெழுத்தின் எடை அவ்வளவுதான். குழந்தை வீட்டில் பேசும் மொழியில் சோதியுங்கள். பாடமொழி தெரியாததைக் கற்றல் குறைபாடு என்று எழுதாதீர்கள். அனுப்பும் ஆணையிலேயே மறுசோதனைத் தேதியைக் குறியுங்கள். தேதியில்லாத ஆணை நிரந்தர ஆணை.

கணினி பிரித்தால் சாய்வு இருக்காது என்று நம்புவோருக்கு ஒரு வரி: 2020-இல் இங்கிலாந்தில் தேர்வு நடக்காதபோது, பள்ளியின் பழைய முடிவுகளை வைத்து மாணவரின் தரத்தைக் கணித்த முறையைச் சில நாள்களிலேயே திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

வகுப்பறைக்குள் சிறியதாகத் தோன்றுபவையும் உண்டு. ஆய்வகக் குழுவில் கருவி ஆண் கையிலும் குறிப்பேடு பெண் கையிலும் தானாகவே போய்ச் சேரும். வேலையைச் சுழற்சி முறையில் எழுதி ஒட்டினால் தீர்ந்தது. தாழ்ப்பாளும் தண்ணீரும் குப்பைத் தொட்டியும் உள்ள கழிப்பறை இல்லாத இடத்தில் மாதவிடாய் நாள்களின் வருகைக் குறைவைச் 'சோம்பல்' என்று எழுதக் கூடாது. கருவுற்ற மாணவி திரும்பி வர விடுப்பும் மறுசேர்க்கையும் விதியாகவே இருக்க வேண்டும். முதல்வரின் இரக்கமாக அல்ல. பாடநூல்களிலும் கற்பிக்கும் முறையிலும் உள்ள பாலினப் படிமங்களைத் திருத்துவது, பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் 1979 உடன்படிக்கையின் பத்தாம் பிரிவிலேயே இருக்கிறது.

இத்தனைக்கும் ஒரு மறுப்பு வரும்: "திறமையை விட்டுவிட்டு எண்ணிக்கையைச் சரிக்கட்டச் சொல்கிறீர்கள்." மேலே சொன்னவற்றில் யாருக்கும் மதிப்பெண்ணைக் கூட்டச் சொன்ன இடம் ஒன்றுகூட இல்லை. டோக்கியோவில் கூட்டப்பட்டதுதான் திறமைக்கு எதிரானது. பின்தங்கிய இனத்தவருக்கான சிறப்பு ஏற்பாடுகள் வேறு கேள்வி. அவை பாகுபாடு ஆகாது என்று 1965-ஆம் ஆண்டின் இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கை தன் முதல் பிரிவிலேயே தெளிவாக்கிவிட்டது.

புகார் பெறும் ஏற்பாட்டைப் பற்றி முடிவாக. புகாரைப் பெறுபவர் அந்தத் துறையைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் பெற்றுக்கொண்டதற்கான கடிதம், இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் முடிவு என்று நாள் குறியுங்கள். 'வேண்டுமென்றே செய்தார்' என்று புகார் கொடுத்தவர் மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். விளைவைக் காட்டினால் போதும், விளக்கம் சொல்வது நிறுவனத்தின் பொறுப்பு. விசாரணை நடக்கும்போது வேறு பிரிவுக்கு மாற்றப்படுபவர் புகார் கொடுத்த மாணவராக இருக்கக் கூடாது. அடுத்த இரண்டு பருவத்துக்கு அவருடைய அக மதிப்பெண்ணையும் வருகைப் பதிவையும் வெளியார் ஒருவர் சரிபார்க்க வேண்டும். பழிவாங்கல் பெரும்பாலும் அந்த இரண்டு பதிவுகளில்தான் வரும்.

இதையெல்லாம் செய்யத் தொடங்கிய முதல் ஆண்டில் புகார்களின் எண்ணிக்கை ஏறக்கூடும். இதுவரை கொடுக்க அஞ்சியவர்கள் கொடுப்பார்கள். அந்த ஏற்றத்தைப் பார்த்து, "நிலைமை மோசமாகிவிட்டது" என்றோ "தூண்டிவிடுகிறார்கள்" என்றோ ஏற்பாட்டை முடக்கிவிடாதீர்கள். முதல் ஆண்டில் பார்க்க வேண்டியது புகார்களின் எண்ணிக்கையை அல்ல. எத்தனை புகார்களுக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் போனது, அந்தப் பதில் போனவர்கள் இனமும் பாலினமும் குறுக்கே வெட்டும் அட்டவணையின் நான்கு கட்டங்களில் எந்தக் கட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை.

அட்டவணையை எதிர்பார்த்து,
கல்வியில் சமநிலையைக் கண்காணிக்கும் பணியில் இருப்போர்